யோனாஸின் வாரத்தில் நான் செய்த வேலை

எங்கள் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கடதாசியால் வெட்டிய ஒரு சில்லு இருக்கிறது. சரியாகச் சொன்னால் அவை இரண்டு சில்லுகள். பெரியதன்மேல் சிறியதை வைத்து நடுவில் ஓர் ஊசியால் பொருத்தியிருக்கிறார்கள். வெளிவட்டத்தில் மூன்று பெயர்கள்: வீப்கே, யோனாஸ், தர்சினி. உள்வட்டத்தில் மூன்று வேலைகள்: குளியலறை, சமையலறை, குப்பையும் வாசல்நடையும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு உள்வட்டம் ஒரு பங்கு திருப்பப்படும். வேலையை முடித்தவர், பக்கத்தில் நூலில் தொங்கும் பென்சிலால் தன் பெயருக்கு நேரே ஒரு சரி போடுவார். இந்தத் துப்புரவு அட்டவணையை இங்கே ஜேர்மனியில் புட்ஸ்பிளான் என்கிறார்கள். நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே என் பெயர் அந்த வட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. கட்டில் விரிப்பு இன்னும் வாங்கியிருக்கவில்லை, எந்தக் குழாயில் சுடுதண்ணீர் வரும் என்று தெரியாது. ஆனால் அந்த வாரத்துக் குப்பை என்னுடையதாகியிருந்தது. அதன் முன்னால் சற்று நேரம் நின்றேன். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தோம். எதை யார் கழுவுவது என்று ஒருநாளும் யாரும் எழுதியதில்லை, கேட்டதுமில்லை. பெரும்பாலும் அம்மாவே கழுவினார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும்.

ஜேர்மனிக்குப் போய்க் கொரிய மொழி படிக்கப்போகிறேன் என்று ஊரில் சொன்னபோது, அதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் முகத்தைச் சுருக்கினார்கள். அயல்வீட்டு அக்கா ஒருவர், விமானம் மாறி ஏறப்போகிறாயோ என்று கேட்டார். விளக்கம் எளிமையானது, ஆனால் எவருக்கும் அதைக் கேட்கும் பொறுமை இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் தமிழிலக்கியம் படித்தவள். ஹம்பேர்க்கில் ஒப்பிலக்கியத்தில் முதுகலை படிக்க எனக்கு இடம் கிடைத்தது. அந்தப் படிப்பில், ஏற்கெனவே தெரிந்த மொழிகளை விட்டுப் புதிதாக ஒன்றை அடியிலிருந்து கற்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பட்டியலில் எட்டு மொழிகள் இருந்தன. அவற்றில் கொரியன் என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு அண்ணாவின் நினைவு வந்தது. அதன்பின் மற்ற ஏழையும் நான் வாசிக்கவில்லை.

அண்ணா கொரியாவில் பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே போவதற்கு முன் ஒரு மொழிச் சோதனையில் சித்தியடைய வேண்டும். அதற்காக நிழற்பிரதி எடுத்த ஒரு தடித்த புத்தகத்தோடு அவர் ஒரு வருடம் போராடினார். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கேள்வி கேட்பது என் வேலை. முகக்கவசம், தீயணைப்பான், கை நசுங்கும் அபாயம், இயந்திரத்தை நிறுத்து: நான் முதன்முதலில் கற்ற கொரியச் சொற்கள் இவை. இரண்டாவது மாதத்தில் அண்ணாவுக்கு முன்னரே எழுத்துகளை வாசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் புத்தகத்தை மூடி என் மடியில் போட்டுவிட்டு, "அப்ப நீயே போய் மூடி செய்" என்றார். அவர் போய் ஐந்து வருடமாகிறது. கொரிய மொழி எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது.

எனவே வகுப்பின் முதல் நாள், ஏன் இந்த மொழி என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னபோது நான் சங்கடப்பட்டேன். மற்றப் பத்துப் பேரும் பாடல்களையும் தொடர்நாடகங்களையும் சொன்னார்கள். அதில் ஒருவர் வெட்கத்தோடு ஒரு சூப்பைச் சொன்னார். என் முறை வந்தபோது, என் அண்ணா அங்கே வேலை செய்கிறார் என்றேன். எந்த நிறுவனத்தில் என்று பக்கத்திலிருந்த மாணவி மரியாதையோடு கேட்டாள். மூடி என்பதற்கு ஜேர்மன் சொல் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. என் தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றிக் காட்டினேன். அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல வடிவமைப்பு என்றாள். அந்த வகுப்பைப் பொறுத்தவரை அண்ணா இன்றைக்கும் ஒரு வடிவமைப்பாளர்.

வகுப்பு வாரத்தில் நான்கு நாள் காலை எட்டேகாலுக்குத் தொடங்கும். மூன்று தடவைக்கு மேல் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். ஆசிரியை ஹம்பேர்க்கிலேயே பிறந்தவர். தாதி வேலைக்கு வந்த கொரியத் தாயின் மகள். கொரிய மொழியைத் தானும் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் முனகிக்கொண்டுதான் கற்றதாகச் சொன்னார். அப்பா, அம்மா ஆகிய சொற்கள் தமிழிலும் கொரியனிலும் ஒத்திருப்பதைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று தமிழ் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். அது உண்டு, நானும் சிரித்தேன், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எனக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. கொரியனில் ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் நடுவில் வேறொரு மாதிரியும் ஒலிக்கும். நமது ககரம் 'கடல்' என்பதிலும் 'நகம்' என்பதிலும் வேறுவேறாக ஒலிப்பதைப்போல. வகுப்பே பேனாவை வைத்துவிட்டு முறையிட்டது. நான் குறிப்புப் புத்தகத்தில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு பேசாமல் இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்தபின், எவரும் விளக்காமல் எனக்கு ஒன்று விளங்கியது அன்றைக்குத்தான்.

இனி அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். மாணவர் விடுதிகளில் காத்திருப்போர் பட்டியல் ஒரு வருட நீளம். எனக்குக் கிடைத்தது, ஒரு விடுதிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மூன்று அறைகளும் ஒரு சமையலறையும் கொண்ட வீட்டில், வேறொரு மாணவியின் இடத்தில் மூன்று மாதத் தற்காலிக இருப்பு. அவள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அந்த விடுதியின் ஒழுங்கு இது: யார் நிரந்தரமாக வருவது என்பதை நிர்வாகம் தீர்மானிப்பதில்லை, அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தலையை ஆட்டாவிட்டாலும் ஜனவரி முடிவில் நான் வெளியேற வேண்டும். வெளியேறினால் போவதற்கு ஓர் இடம்தான் உண்டு: ஊன்ட்றொப்பில் இருக்கும் சித்தியின் வீடு. அன்பான வீடு, அங்குள்ள அம்மன் கோயிலின் மணி கேட்கும் தூரம். ஆனால் அங்கிருந்து ஹம்பேர்க்குக்கு ரயிலில் மூன்று மணித்தியாலம். எட்டேகால் வகுப்புக்கு அங்கிருந்து வர ஏலாது. அறை போனால் கொரியனும் போகும், கொரியன் போனால் இந்தப் படிப்பும் போகும்.

என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று சித்தப்பா அந்தச் சில்லை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். "விளங்குது பிள்ளை. இஞ்ச பட்டினி கிடக்கலாம், ஒருத்தரும் கேக்கமாட்டினம். கழுவாமல் மட்டும் இருக்கேலாது" என்றார். சித்தி அவரைத் தள்ளிவிட்டு, என் காதருகே வேறொன்று சொன்னார்: "அவையளுக்குப் பாரமா இருக்காதை. கேக்காமல் செய்து குடு. பிடிச்சுப்போகும்."

நான் அதைத்தான் செய்தேன். சித்தி சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன். பிறர் வீட்டில் தங்கும் பெண் எப்படி இருக்கவேண்டும் என்பது எனக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொன்னதல்ல. பெரியம்மா வீட்டிலும் மாமி வீட்டிலும் நின்ற விடுமுறைகளில் கை தானாகக் கற்றது. போனவுடன் விளக்குமாற்றைக் கண்டுபிடிப்பது, கழுவாத கோப்பையைக் கண்டால் கழுவிவிடுவது, செய்ததைச் சொல்லாமல் இருப்பது. சொன்னால் செய்ததன் பெறுமதி போய்விடும். யோனாஸ் பொறியியல் மாணவன். நெடிய, சற்றே கூனிய, பாணுக்கு வெண்ணெய் பூசுவதைத் தவிர வேறு சமையல் செய்யாத ஒருவன். டிசம்பரில் அவனுக்குச் சோதனை. அவனுடைய குளியலறை வாரம் சனிக்கிழமைவரை தொடப்படாமல் கிடந்தது. அவன் நூலகத்துக்குப் போன நேரம் பார்த்து நான் அதைக் கழுவினேன். குழாயின் வளைவில் படிந்திருந்த சுண்ணாம்பைப் பழைய பல்தூரிகையால் தேய்த்தேன். பிறகு அவன் பெயருக்கு நேரே, அவன் போடுவதைப் போன்றே சற்றுச் சாய்வாக, ஒரு சரி போட்டேன். அவனுக்கு ஒரு குறையும் வரக்கூடாதல்லவா.

அவன் வந்து பார்த்தான். நீ செய்திருக்கத் தேவையில்லை என்றான். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நான் என் அறைக்குள் போனேன். நன்றாகவே நடக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வீப்கேயின் சமையலறையையும், கூடவே யோனாஸின் குப்பையையும் செய்தேன். வீப்கே சட்டம் படிக்கிறாள், இந்த நகரத்துக்காரி, காலையிலும் மாலையிலும் மொய்ன் என்ற ஒரே வணக்கத்தைச் சொல்லுகிறவள். சில்லை வெட்டி ஒட்டியவளும் அவளே. என் கறிவாசம் அவர்களுக்குத் தொல்லையாக இருக்கக்கூடாது என்று, இருவரும் வெளியே போகும்வரை அறைக்குள் காத்திருந்து சமைத்தேன். சமைத்ததும் யன்னலை அகலத் திறந்துவைத்து, சட்டியைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சோற்றுக் கோப்பையோடு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உண்டேன். அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டபோது, முதல் தடவை வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவை கேட்பார்கள் என்று கதவருகில் சற்று நின்றேன். அவர்கள் கேட்கவில்லை. என் வேண்டாம் அவர்களுக்கு முழு வேண்டாமாகவே கேட்டிருக்கிறது.

ஜனவரியில் வீட்டின் காற்று மாறியது. நான் சமையலறைக்குள் போனால் பேச்சு குறைந்தது. யோனாஸ் தன் கோப்பையைக் குடித்த கையோடு கழுவி, யாருக்கோ காட்டுவதைப்போல் உயர்த்திப் பார்த்துவிட்டு வைத்தான். ஒருநாள் குப்பை வாளியைத் தூக்க நானும் அவனும் ஒரே நேரத்தில் குனிந்தோம். அவன் அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். எங்கே குறை வைத்தேன் என்று யோசித்து, அடுத்த நாள் அடுப்பின் பின்பக்கத்தையும் தேய்த்தேன். அதன் மறுநாள் சில்லின் பக்கத்தில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டப்பட்டிருந்தது: ஞாயிறு ஆறு மணி, மூவரும், பேசவேண்டும்.

வீப்கே மேசைக்கு ஒரு சிறு துண்டுக் கடதாசியோடு வந்தாள். சொல்ல வேண்டியவற்றை இலக்கமிட்டு எழுதியிருந்தாள். குரல் உயராமல், ஒன்றொன்றாகச் சொன்னாள். அந்த நேரத்தில் அது எனக்குக் கொடுமையாகப் பட்டது. இப்போது யோசித்தால், என்னைக் காயப்படுத்திவிடக் கூடாது என்று அவள் சொற்களைத் தேடித்தேடி எழுதிய கடதாசி அது. அவள் சொன்னதன் சாரம் இது: நான் அவர்களுடைய வேலைகளைச் சொல்லாமல் செய்கிறேன், அவர்களுடைய பெயரில் சரி போடுகிறேன், அவர்களோடு உண்பதில்லை, என் கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது. அவர்கள் அழுக்கானவர்கள் என்று ஒவ்வொரு நாளும் நான் பேசாமல் சொல்லிக்கொண்டிருப்பதாக இருவருக்கும் தோன்றுகிறது. யோனாஸ் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தன் சரியை வேறொருவர் போட்டிருப்பதைக் கண்டபோது, வீட்டுப்பாடத்தைத் தாய் எழுதிக்கொடுத்த பையனைப்போல் வெட்கமாக இருந்தது என்று மெதுவாகச் சொன்னான்.

வீப்கே கடதாசியைக் கவிழ்த்து வைத்தாள். "எங்களோடு கோபமா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ஜேர்மன் மொழியில் நான் கட்டுரை எழுதுவேன். ஆனால் கழுவுவது எப்படி அன்பாகும் என்று விளக்குவதற்கு எந்த மொழியிலும் எனக்குப் பழக்கமில்லை. நான் அழப்போகிறேன் என்று அவர்கள் பயந்திருக்க வேண்டும். யோனாஸ் தண்ணீர் ஊற்றித் தந்தான். முடிவை அடுத்த ஞாயிறு சொல்வோம் என்றாள் வீப்கே. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சித்திக்கு எழுதினேன்: வரும் ஞாயிறு ஒருவேளை காரோடு வரவேண்டியிருக்கலாம்.

சனிக்கிழமை காலை அண்ணாவை அழைத்தேன். அங்கே மாலை, ஆறு பேர் தங்கும் தொழிலாளர் அறையில் யாரோ எண்ணெயில் எதையோ பொரிக்கும் சத்தம் கேட்டது. நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். அவர் இடையிடையே மூக்கால் சிரித்தார்.

"உனக்கென்ன விசரே? அவன்ர பேரில நீ ஏன் சரி போட்டனீ?"

"அவனுக்குப் பேச்சு விழக்கூடாதெண்டுதான்."

"இஞ்ச எண்டா உன்னைத் தலையில வைச்சுக் கொண்டாடுவாங்கள். நான் வந்த புதிசில அறையில கடைசி ஆள். கடைசி ஆளுக்கு மங்னே எண்டு பேர். எல்லாற்ற கோப்பையும் நான்தான், எல்லாற்ற சப்பாத்தும் நான்தான் அடுக்கிறது. இரண்டு வருசம் ஒருத்தனும் நன்றி சொல்லேல்லை; ஆனா காய்ச்சல் வந்தவுடன மற்ற அஞ்சு பேரும் கஞ்சி வைச்சாங்கள். நீ சரியான வேலையைப் பிழையான நாட்டில செய்துகொண்டு நிக்கிறாய்."

அப்போது நான் என்ன செய்வது என்று கேட்டேன். தனக்கென்ன தெரியும், தான் மூடி செய்கிறவன் என்றார். பொரித்தது கருகுகிறது என்று கைபேசியை வைக்கப் போனவர், திரும்பி வந்து ஒன்று கேட்டார்: "நீ அவையளிட்ட எப்பவாவது ஏதும் கேட்டிருக்கிறியோ?"

கேட்டதில்லை. உப்புக்கூடக் கேட்டதில்லை. உப்புத் தீர்ந்தால் மழையில் நடந்து கடைக்குப் போயிருக்கிறேன். பிறரிடம் ஒன்றைக் கேளாமல் இருப்பதை என் நற்குணங்களில் ஒன்றாக நான் எண்ணி வந்திருந்தேன். அன்று கைபேசியை வைத்துவிட்டு, அதை அவர்களுடைய பக்கத்திலிருந்து பார்த்தேன். மூன்று மாதமாகக் கொடுத்துக்கொண்டேயிருந்து, எதையும் வாங்க மறுத்த ஒருத்தி. என் வீட்டில் ஒருத்தி அப்படி இருந்தால் நானும் பயந்திருப்பேன்.

அந்த வாரம் குளியலறை என் முறை. திங்கட்கிழமை கொரியனில் வாய்மொழிச் சோதனை. இரண்டையும் செய்ய எனக்கு நேரமிருந்தது. உண்மையில் நிறையவே இருந்தது. ஆயினும் யோனாஸின் கதவின் முன்னால் போய் நின்றேன். கதவைத் தட்ட இவ்வளவு நேரம் எடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவன் திறந்தான். திங்கள் எனக்குச் சோதனை, குளியலறையை எனக்குப் பதிலாக நீ செய்வாயா, உன் அடுத்த வாரத்தை நான் செய்கிறேன் என்று, மனனம் செய்ததை ஒப்பிப்பதைப்போல் சொல்லி முடித்தேன். அவன் முகம் விரிந்தது. ஏதோ பரிசு வாங்கியவனைப்போல் நேரே சில்லிடம் போய்ப் பென்சிலை எடுத்து, இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி வரைந்தான். சத்தம் கேட்டு வந்த வீப்கேயிடம், துணிவு ஆறுவதற்கு முன், இன்னொன்றையும் கேட்டேன்: சோதனைக்கு ஓர் உரையாடலைப் பழகவேண்டும், பழக்கடைக்காரியாக வாசிக்க வருவாளா. அன்று மாலை, என் குறிப்புகளை அவளுக்காக ஜேர்மன் எழுத்தில் எழுதிக் கொடுக்க, வழக்கறிஞராகப் போகிற வீப்கே அடுப்பருகே நின்று கொரியனில் அப்பிள் விற்றாள். விலை பேசும் இடத்தில், எழுதியிருந்ததை விட்டு, ஒரு சதம்கூடக் குறைக்கமாட்டேன் என்று ஜேர்மனில் பிடிவாதம் பிடித்தாள். நான் சமைத்திருந்த பருப்பை மூவரும் நின்றபடியே உண்டோம். ஆனாலும் முடிவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒன்றைக் கேட்கும் துணிவு அன்றைக்கு மிச்சமிருக்கவில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கே சித்தியும் சித்தப்பாவும் வந்துவிட்டார்கள். காரின் பின் இருக்கைகளை மடித்துவிட்டு வந்திருந்தார்கள். அதை நான் யன்னலால் பார்த்தேன். வாசற்கதவுக்குப் பக்கத்தில்தான் குளியலறை. மஞ்சள் கையுறையோடும் கையில் தூரிகையோடும் யோனாஸ் கதவைத் திறந்தான். சித்தி அவனைப் பார்த்தார், தூரிகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, இந்தக் கிழமை உன்ர முறை எண்டெல்லோ சொன்னனீ?"

அவன் எனக்காக மாறிச் செய்கிறான் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் சித்தி கைப்பையை நிலத்தில் வைத்து, குளிர்ச்சட்டையைக் கழற்றிச் சித்தப்பாவின் தோளில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் நுழைந்துவிட்டார். தூரிகையின் மறுமுனையைப் பிடித்து, "கிப், கிப்" என்றார், தா, தா. யோனாஸ் விடவில்லை. இது இன்றைக்கு என் வேலை என்று பணிவாகச் சொன்னான். சித்தி சிரிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு இழுத்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவனும் ஐந்தடியை எட்டாத ஒருவரும் ஒரு கழிப்பறைத் தூரிகையின் இரு முனைகளிலும் நின்றார்கள்.

"விடுமன், அவன் சந்தோசமாச் செய்யிறான்" என்றார் சித்தப்பா வாசலிலிருந்து.

"உங்களுக்கும் சந்தோசமாத்தான் இருக்கும். முப்பது வருசத்தில ஒருநாள் இதைக் கையால தொட்டிருப்பியளோ?"

வீப்கே தன் அறையிலிருந்து வெளியே வந்து, நடையில் என்னருகில் நின்றாள். சித்தியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி சித்தியைப் பார்த்தாள்.

"அவருக்கு யோனாஸோடு கோபமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இல்லை. கோபமென்றால் உங்கள் வீட்டில் அவர் எதையும் தொடமாட்டார். கதிரையில் இருந்து, நீங்கள் கொடுக்கும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்."

அவள் திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். நான் தேய்த்த அடுப்பின் பின்பக்கத்தை அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. உள்ளே யோனாஸ் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தான். தூரிகை அவனுக்கு, சித்திக்கு ஒரு துணியைக் கொடுத்துக் கண்ணாடியை விட்டுக்கொடுத்திருந்தான். சித்தி அந்தக் கண்ணாடியைத் துடைத்த விதத்தில், இனி அதில் முகம் பார்க்கவே கூசும்.

ஐந்து பேரும் சமையலறை மேசையைச் சுற்றி இருந்தோம். கதிரைகள் நான்குதான், யோனாஸ் யன்னல் படியில் இருந்து, சித்தி கொண்டுவந்த பருத்தித்துறை வடையை ஒன்றன்பின் ஒன்றாக உண்டான். நேற்று நீ என் கதவைத் தட்டியபோதே நான் முடிவெடுத்துவிட்டேன் என்று வாய் நிறைய வடையோடு சொன்னான். வீப்கே தானும் அப்படித்தான் என்றாள். ஆனால் எங்கள் விருப்பத்தைத்தான் நாங்கள் சொல்ல முடியும், உன்னுடையதை இன்னும் நீ சொல்லவில்லை என்றாள்.

எளிதான கேள்வி. ஆனால் எனக்கு நேரெதிரே சித்தி இருந்தார். ஜேர்மன் மொழி அவருக்கு நன்றாக விளங்கும். ஊன்ட்றொப்பில் எனக்காக ஓர் அறைக்கு வெள்ளையடித்து, புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஒரு வீட்டை வேண்டும் என்று சொல்வது மற்றொரு வீட்டை வேண்டாம் என்று சொல்வதாகிவிடும் என்று பயந்து, நான் இதுவரை எதையும் வேண்டுமென்று சொல்லாமலே வாழ்ந்திருக்கிறேன். பக்கத்தில் சித்தப்பா கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"நான் இங்கே இருக்க விரும்புகிறேன். உங்கள் இரண்டு பேரோடும். தயவுசெய்து" என்றேன்.

யோனாஸ் எட்டி மேசையில் தாளம் தட்டினான். இங்கே வகுப்பு முடிவில் மாணவர்கள் பாராட்டாகத் தட்டுவதைப்போல. சித்தி தேநீர்க் கோப்பையை இருமுறை சுழற்றினார். பிறகு தமிழில், என்னைப் பார்க்காமல், "அப்ப காரில கிடக்கிற பெரிய சட்டியை இறக்குங்கோ. மூண்டு பேருக்குச் சமைக்கக் காணும்" என்று சித்தப்பாவிடம் சொன்னார். போகும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அந்த உயரமான பிள்ளை சாப்பிடுகிறானில்லை, பார்த்துக்கொள் என்றார். மடித்த இருக்கைகளை நிமிர்த்தாமலே அவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். வெறுமையாகக் கிடந்த காரின் பின்பக்கத்தைத் தெருமுனைவரை பார்த்துக்கொண்டு நின்றேன். மகிழ்ச்சியான நாளில் இப்படி ஒரு கனம் ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் யோனாஸ் ஒரு சிறிய அச்சுக் கருவியோடு என் அறைக்கு வந்தான். கீழே தெருவாசலில் அழைப்புமணிப் பலகை இருக்கிறது. அதில் இதுவரை முன்பிருந்த மாணவியின் பெயரே இருந்தது. இங்கே மணிக்கு வீட்டிலக்கம் கிடையாது, குடும்பப் பெயர்தான். அது இல்லாவிட்டால் தபால்கூட வராது. உன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டான். நமக்கு அப்படி ஒன்று இல்லை, கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர் என்றேன். அதைச் சொல் என்றான். சிவபாதசுந்தரம் என்றேன். அவன் எழுத்தெண்ணிப் பார்த்து விசிலடித்தான். வெறும் சிவா என்று போடு, போதும் என்றேன். அவன் கேட்கவில்லை, எழுத்தைச் சிறிதாக்கி, மறுபடி சிறிதாக்கி, நான்காவது முயற்சியில் முழுப் பெயரையும் ஒரு விரலகல நாடாவில் அடக்கினான். மூன்று பெயர்களில் அதுதான் மிகச் சிறிய எழுத்து, மிக நீண்ட பெயர்.

அதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா இலங்கையை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை, கடவுச்சீட்டே எடுத்ததில்லை. கோண்டாவிலில் எங்கள் வாசற் படலையில் எந்தப் பெயரும் எழுதியிருப்பதில்லை. வருகிறவர்கள் ஒழுங்கையில் நின்று குரல் கொடுப்பார்கள். படத்தை அவர் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும். நெடுநேரம் கழித்து ஒரு குரல்பதிவு வந்தது: "ஆராவது மணியை அமத்தினா, நான் இஞ்சயிருந்து என்னெண்டு பிள்ளை கதவு திறக்கிறது?"

வியாழக்கிழமை காலை முதல் தடவையாக மணி அடித்தது. சுவரிலிருந்த பேச்சுக் கருவியை எடுத்தேன். தெருக் காற்றின் இரைச்சலுக்குள், பொதி கொண்டுவந்த ஒருவரின் குரல் அப்பாவின் பெயரை வாசிக்கத் தொடங்கி, நடுவில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவர் கடைசி எழுத்தை அடையும்வரை காத்திருந்தேன். "ஓம்" என்றேன், பிறகு அவருக்கு விளங்கும்படி ஜேர்மனில் "யா" என்றேன். கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தியபடி, படியேறி வரும் காலடிகளைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.